சேர்க்கையோடு தீராக் கடன்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க வெள்ளை மாளிகை, அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவு முன்மொழிவைக் காங்கிரசின் முன் வைத்தது. பெருந்தொகை ஒதுக்கீடுகளுக்கிடையே, 'டிரையோ' என வழங்கும் மாணவர் துணைத் திட்டங்களுக்கு இனி நிதி வேண்டியதில்லை என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. வறுமையை எதிர்த்துப் போர் தொடுப்பதாக அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்த 1964ஆம் ஆண்டில் வேர்விட்ட திட்டங்கள் இவை. 1968இல் இவற்றோடு சேர்ந்தது மாணவர் துணைச் சேவை. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள், வருவாய் குன்றியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குப் பாடத்தில் உதவி, படிப்பைத் தேர்ந்துகொள்ள ஆலோசனை, உதவித்தொகைக்கு வழிகாட்டல் ஆகியவற்றை அளிப்பது அதன் பணி. அதனால் பயன்பெறுவோருள் பலர், இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்கள்.

நிதியை நிறுத்துவதற்கு அம்முன்மொழிவு கூறிய காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏழை மாணவருக்குக் கல்லூரிக்குள் நுழைவது முன்போல் தடையாக இல்லை. ஆகவே இத்திட்டங்கள் கடந்த காலத்தின் எச்சம் என்கிறது அது. நுழைவு எளிதாகியிருக்கிறது என்பதை நாமும் ஒப்புகிறோம். நுழைந்தவர் என்ன ஆனார் என்ற வினாவை அம்முன்மொழிவு எழுப்பவே இல்லை. ஒரு மாணவனின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் நாளில் கல்லூரியின் கடன் தொடங்குகிறது. அவன் பட்டம் பெற்று வெளியேறும் நாள்வரை அது தீர்வதில்லை. இதுவே நம் துணிபு. இத்துணிபுக்கு வெறும் இரக்கத்தைச் சான்றாக நாம் காட்டவில்லை; எண்ணிக்கையால் மெய்ப்பிக்கப்பட்ட சான்று நியூயார்க் நகரில் இருக்கிறது.

வாயிலைத் திறந்து வைத்த வரலாறு பெருமைக்குரியது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களோடு தொடங்கியது அந்நாட்டின் முதல் பொது இளநிலைக் கல்லூரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு நாடெங்கும் சமுதாயக் கல்லூரிகள் எழ வேண்டும் என்றும், கல்லூரியின் முதல் இரண்டாண்டுகள் பள்ளிக் கல்வியைப் போலக் கட்டணமின்றி அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்று அங்கே ஆயிரத்தையொட்டிய சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. பள்ளி முடித்த எவரும் வரலாம். வயது வரம்பு இல்லை. முந்தைய மதிப்பெண் குறைவு என்று எவரையும் வாயிலில் நிறுத்துவதில்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இவ்வகையில் தனிக் கதை உடையது. 1847இல் ஏழைத் தொழிலாளர் மக்களுக்கென நகரம் நிறுவிய கட்டணமில்லாக் கல்லூரியே அதன் மூலம். 1969இல் கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் தம் சமூகத்துக்கு அங்கு இடமில்லையே என்று போராடினர். அதன் பயனாக 1970 முதல் நகரத்துப் பள்ளி முடித்த ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உறுதியாயிற்று. வெள்ளமென மாணவர் வந்தனர். ஆறே ஆண்டுகளில் நகரம் நிதி நெருக்கடியில் விழுந்தது. 1976இல், ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேல் கட்டணமின்றிக் கற்பித்த நிறுவனம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. வாயிலைத் திறந்த கை, உள்ளே வந்தவருக்குச் சோறிடுமுன் ஓய்ந்துவிட்டது.

அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சி வகுப்புகளை நடத்திய மீனா ஷாக்னெசி என்னும் பேராசிரியரை இவ்விடத்தில் நினைவுகூராமல் மேற்செல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாய் வந்த மாணவர் எழுதிய கட்டுரைகளைக் கண்டு, இவர்களுக்குக் கல்லூரிக் கல்வி ஏறாது என்று சக ஆசிரியர் பலர் கைவிட்ட வேளையில், அவர் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பிழைகளை எண்ணிக் கழிப்பதற்காக அவர் படிக்கவில்லை. ஒவ்வொரு பிழையும் எந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்று அறியவே படித்தார். பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அவை அறிவின்மையின் அடையாளம் அல்ல, புதியதொரு மொழிநடையைக் கற்க முயல்பவன் இடறும் இடங்கள் என்று கண்டார். 1977இல் அதை நூலாக்கினார். அடுத்த ஆண்டே மறைந்தார். மாணவனுக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்று எவரேனும் கேட்டால், நாம் முதலில் சுட்டுவது அந்த 4,000 கட்டுரைகளையும் அவற்றைப் பொறுமையோடு படித்த அவ்வம்மையாரையுமே.

அவரைப் போன்றோர் சிலராகவே இருந்தனர். சமுதாயக் கல்லூரிகளின் பெரும்பான்மை மாணவர் பட்டம் பெறாமலே கலைந்து போயினர். 1960இலேயே சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் கடுமையான ஓர் உண்மையை எழுதியிருந்தார்: இக்கல்லூரிகள் ஏழை மாணவனின் பெருவிருப்பத்தை அவன் அறியாமலே மெல்லத் தணித்து, கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு கொள்ளும்படி அவனைப் பழக்குகின்றன என்பது அது. யாரும் அவனை வெளியேற்றுவதில்லை. அவனே போய்விடுகிறான், போனதற்குத் தன்னையே நொந்துகொள்கிறான். எத்தனை கொடுமையான ஏற்பாடு இது! கதவை அறைந்து சாத்தினால் தட்டவாவது செய்யலாம். திறந்த கதவின் வழியே தோற்று வெளியேறுபவனுக்கு முறையிடவும் ஓரிடம் இல்லை.

அவன் ஏன் போகிறான்? சோம்பலால் என்று சொல்லிவிடுவது எளிது. கிட்டச் சென்று பார்த்தவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. சேர்ந்தவுடன் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் அவனுக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேறாவிடில் அடிப்படை வகுப்பு. அவ்வகுப்புக்குக் கட்டணம் உண்டு. உதவித்தொகையின் காலமும் அதில் கரையும். பட்டத்துக்குரிய பாட அலகு மட்டும் அதற்குக் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று அடிப்படை வகுப்புகளைக் கடந்த பின்னரே மெய்யான படிப்பு தொடங்கும். அதற்குள் கடையில் வேலை நேரத்தை மாற்றிவிடுகிறார்கள். தாய்க்கு நோய் வருகிறது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஊருக்குப் போய்விடுகிறாள். எந்தப் பாடத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்க ஆலோசகரைத் தேடிப் போனால், அந்த ஒருவருக்கு 600 மாணவர். சில கல்லூரிகளில் 1,500 பேர். இரண்டு மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசித் தவறான பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு வருபவன், ஒரு பருவத்தை இழக்கிறான். ஒரு பருவம் போனால் மறுபருவத்துக்கு வரும் மனம் குன்றுகிறது.

இந்நிலையில்தான் 2007இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகர நிர்வாகத்தின் நிதியோடு, 'ஏசாப்' என்று சுருக்கமாக வழங்கும் திட்டத்தைத் தன் ஆறு சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பாதிப்பேரையேனும் மூன்றாண்டுக்குள் பட்டம் பெறச் செய்வது என்று வெளிப்படையாகவே இலக்கு வைத்தார்கள். அதற்குமுன் அதே கல்லூரிகளில் அவர்களை ஒத்த மாணவருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே அவ்வாறு தேறிவந்தனர் என்பதைக் கருத்திற்கொண்டால் இலக்கின் துணிவு விளங்கும்.

திட்டத்தின் கூறுகளுள் புதுமை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. மாணவன் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அடிப்படை வகுப்புகளைத் தள்ளிப் போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டும். அவனுக்கெனத் தனி ஆலோசகர், வேலைவாய்ப்பு வழிகாட்டி, பாடத்தில் தடுமாறினால் தனிப்பயிற்சி ஆகியவை உண்டு. வகுப்புகள் ஒரே நேரக்கட்டில் அடுக்கித் தரப்படும்; ஆகவே எஞ்சிய பொழுதில் வேலைக்குப் போகலாம். பாடநூல்களை விலையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். உதவித்தொகை போகக் கட்டணத்தில் மீதி இருந்தால் அதுவும் தள்ளுபடி. இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு காலத்தில் இருந்தவையே. எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்து, ஒரே மாணவனுக்கு, மூன்றாண்டும் இடைவிடாமல் அளித்ததே ஏசாப் செய்த செயல்.

கட்டணத் தள்ளுபடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தேவைப்பட்டவர் மிகச் சிலரே. நடுவணரசின் பெல் உதவித்தொகையும் மாநில உதவியும் சேர்ந்து பெரும்பாலோரின் கட்டணத்தை ஏற்கெனவே ஈடுசெய்தன. அப்படியிருந்தும் அவர்கள் இடையில் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டணத்தை நீக்கிவிட்டாலே ஏழை படித்துவிடுவான் என்று நம்புவோர் இச்செய்தியைப் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்விடத்தில் பயனளித்தவற்றுள் ஒன்று ஒரு பயண அட்டை. நகரின் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் முப்பது நாள் வரம்பின்றிச் செல்ல உதவிய மெட்ரோகார்டு. 2011ஆம் ஆண்டு வாக்கில் அதன் விலை 104 டாலர். குயின்ஸில் வீடு, மன்ஹாட்டனில் கல்லூரி, பிராங்க்ஸில் மாலை வேலை என்று அலையும் ஒருவனுக்கு அத்தொகை மாதச் செலவில் ஒரு பெரிய துண்டு. திட்டத்தில் சேர்ந்தவனுக்கு அது விலையில்லாமல் கிடைத்தது, அஞ்சலில் வரவில்லை. ஆலோசகரைக் காண்பது உள்ளிட்ட கடமைகளைச் செய்தவனுக்கே அட்டை. அட்டைக்காக அறைக்குள் வந்தவனிடம், கணக்குத் தேர்வு எப்படிப் போயிற்று என்று ஆலோசகர் கேட்கிறார். வேலையிடத்தில் நேரம் மாறியதை அவன் அப்போது சொல்கிறான். வகுப்பை வேறு வேளைக்கு மாற்ற அன்றே வழி பிறக்கிறது. தானாக வந்து குறை சொல்லத் தயங்கும் மாணவனை, குறை முற்றுமுன் ஆலோசகரின் எதிரே அமரச் செய்தது அந்த அட்டை. கொடுக்கும் பொருளையும் கேட்கும் கடமையையும் ஒன்றாகக் கோத்த அறிவுடைமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆலோசகரின் பொறுப்பில் இருந்தவர் 60 முதல் 80 மாணவர் வரை. 600 எங்கே, 60 எங்கே! அறுபது பேரின் பெயரும் முகமும் ஒருவருக்கு நினைவிருக்கும். யார் இரண்டு நாளாய் வரவில்லை, யாருக்கு வீட்டுவாடகைச் சிக்கல், யார் வாய்திறந்து கேட்க மாட்டார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பின்னர் வந்த ஆய்வு, திட்ட மாணவர் முதலாண்டில் சராசரியாக 38 முறை ஆலோசகரைச் சந்தித்தனர் என்றும், மற்ற மாணவர் சந்தித்தது 6 முறையே என்றும் பதிவு செய்திருக்கிறது. ஆசிரியர் வகுப்புக்கு வந்தவனைப் பார்க்கிறார். வராதவனைத் தேடுவது இங்கே ஒருவருடைய ஊதியப் பணி ஆயிற்று.

இனி அவ்வாய்வைக் காண்போம். நல்ல மாணவரைப் பொறுக்கியெடுத்துத் திட்டத்தில் சேர்த்துவிட்டு வெற்றி என்று முழங்குவது கல்வித்துறையில் புதிதன்று. அந்த ஐயத்துக்கு இடம் வைக்காதபடி எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. பரோ ஆஃப் மன்ஹாட்டன், கிங்ஸ்பரோ, லகார்டியா ஆகிய மூன்று சமுதாயக் கல்லூரிகளில், வருவாய் குறைந்த, ஒன்றிரண்டு அடிப்படை வகுப்புகள் தேவைப்பட்ட 896 மாணவரைத் திரட்டி, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஏசாப். மறு பிரிவுக்குக் கல்லூரியின் வழக்கமான உதவிகள். திறமையாலோ ஆர்வத்தாலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு கல்லூரி நடந்துகொண்ட முறையில் மட்டுமே. மூன்றாண்டு கழித்து எண்ணியபோது வழக்கமான பிரிவில் பட்டம் பெற்றவர் 22 விழுக்காடு. ஏசாப் பிரிவில் 40 விழுக்காடு. 2015இல் வெளிவந்த அறிக்கை இது. சமுதாயக் கல்லூரி மாணவரிடையே இவ்வளவு பெரிய மாற்றத்தை அதற்குமுன் எந்தத் திட்டத்திலும் தாம் கண்டதில்லை என்று ஆய்வாளரே வியந்தனர்.

22க்கும் 40க்கும் இடையே நிற்கும் அந்த மாணவர்களை நாம் நினைத்துப் பார்க்கிறோம். குலுக்கலில் பெயர் வேறு பக்கம் விழுந்திருந்தால் அவர்கள் பட்டமின்றிப் போயிருப்பார்கள். போனபின் அவர்களைப் பற்றி, படிப்பில் நாட்டமில்லாதவர்கள் என்று எழுதியிருப்பார்கள். நாட்டமின்மை என்று நாம் இத்தனை காலம் பெயரிட்டு வந்தவற்றுள் எவ்வளவு பகுதி உண்மையில் நிறுவனத்தின் புறக்கணிப்பு? கல்வி நிறுவனம் நடத்தும் ஒவ்வொருவரும் இரவில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

செலவு மிகுதி என்பார்கள். உண்மைதான். மூன்றாண்டில் ஒரு மாணவனுக்கு வழக்கத்தினும் ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதலாயிற்று. ஆயினும் கல்லூரிச் செலவைத் தலைக்குக் கணக்கிடுவதா, பெற்ற பட்டத்துக்குக் கணக்கிடுவதா? பட்டத்துக்குக் கணக்கிட்டபோது, ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு ஏசாப் பிரிவில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தே இருந்தது. பாதி வழியில் நின்றுபோகும் மாணவனுக்காகச் செலவிட்ட பணம் எவர் கணக்கிலும் இழப்பாக எழுதப்படுவதில்லை. ஆதலால் மலிவான கல்லூரி மலிவாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

நியூயார்க் செல்வ நகரம், அங்கே நடக்கும், வேறெங்கும் நடவாது என்ற ஐயமும் எழுந்தது. 2014இல் ஒகையோ மாநிலத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகள் இதே முறையை மேற்கொண்டன. அங்கே பயண அட்டைக்கு மாற்றாக மளிகைக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் செல்லும் பரிசுச்சீட்டுகள் தந்தார்கள். முழுநேரம் படிக்க வந்த முதிய மாணவரும் வேலைக்குப் போகும் மாணவரும் அங்கே மிகுதி. மூன்றாண்டு முடிவில் 19 விழுக்காட்டுக்கு எதிரே 35 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். ஆறாண்டு கடந்து பார்த்தபோது அவர்களுடைய வருவாயும் மற்றவரினும் 11 விழுக்காடு உயர்ந்திருந்தது. நியூயார்க்கிலோ, சில நூறு பேரோடு நின்றுவிடாமல் திட்டம் பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 25,000 மாணவரை எட்டியது. 2020இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ் மையம் அரசுத்துறைப் புத்தாக்கத்துக்கான தன் விருதை இதற்கு வழங்கியது.

வயது வந்தவர்களைக் கைப்பிடித்து நடத்துவது அவர்களை வலுவிழக்கச் செய்யும் என்போர் உண்டு. கற்றறிந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இவை எல்லாமே கிடைக்கின்றன. அவற்றைத் துணை என்று யாரும் அழைப்பதில்லை, அவ்வளவே. எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று அக்காள் சொல்கிறாள். விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தந்தை நினைவூட்டுகிறார். ஒரு பாடத்தில் தோற்றால் சித்தப்பா ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்கிறார். பேருந்துக்குக் காசு இல்லையென்று அப்பிள்ளை ஒருநாளும் வகுப்பைத் தவறவிட்டதில்லை. அவன் வலுவிழந்துவிட்டதாக எவரும் வருந்தக் காணோம். குடும்பத்தில் முதல்வனாக வருபவனுக்கு அந்த அக்காளும் தந்தையும் சித்தப்பாவுமாகக் கல்லூரி நிற்பதில் என்ன குற்றம்?

குறைகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஏசாப் முழுநேர மாணவரையே ஏற்கிறது. சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேரமாகப் படிப்போர் மிகப் பலர். அவர்களுள் தாய்மார் ஏராளம். துணை மிகுதியும் தேவைப்படுவோரும் அவர்களே. அவர்களுக்கு இத்தகைய விடை இன்னும் கிடைக்கவில்லை. பசியும் இருக்கிறது. 2018 டிசம்பரில் அந்நாட்டின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் மாணவர் உணவுப் பாதுகாப்பைப் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றுள் பெரும்பாலானவை நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட மாணவர் போதிய உணவு உறுதியின்றி வாழ்வதாகக் கூறின. அரசின் உணவு உதவிக்குத் தகுதி இருந்தும் பெறாதிருந்த மாணவர் ஏறத்தாழ 20 இலட்சம். உலகின் பெருஞ்செல்வ நாட்டில், வகுப்பில் அமர்ந்திருப்பவனின் வயிறு காலியாக இருக்கிறது.

டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ கல்லூரி இதற்கு எடுத்த முயற்சி போற்றத்தக்கது. படிப்பைத் தொடர உங்களுக்குத் தடையாக இருப்பது யாது என்று மாணவரையே கேட்டபோது, அவர்கள் சொன்ன முதற்பத்துத் தடைகளுள் பாடத்தைச் சார்ந்தது ஒன்றுமில்லை. குழந்தைக் காப்பு, உணவு, வீடு, போக்குவரத்து, மருத்துவம் என்றே பட்டியல் நீண்டது. தலைவராக இருந்த ரசல் லோரி-ஹார்ட் அதை ஏற்றுக்கொண்டு, வளாகத்தின் நடுவே உணவுப் பொருள் வழங்கும் அறையும் சமூகப் பணியாளரும் கொண்ட உதவி மையத்தை அமைத்தார். மூலையில் ஒளித்து வைக்காமல் எல்லோரும் நடக்கும் வழியில் வைத்தது அவர் செய்த நன்மை. 2023இல் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசை அக்கல்லூரி பகிர்ந்து பெற்றது.

இச்செய்திகள் நமக்குத் தொலைவானவை அல்ல. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியின் கருத்து நம் மண்ணில் ஊன்றி முப்பதாண்டுகள் ஆகின்றன. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாக வளர்த்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவரையும் வயது கடந்தவரையும் சேர்த்து, முதலில் வாழ்க்கைத் திறன், பின்பு தொழில் திறன், அதன்பின் தொழிலிடத்தில் நேர்முகப் பயிற்சி என்று அவர்கள் வகுத்த வரிசை சிந்தனைக்குரியது. ஓர் இளம்பெண் அச்சமின்றி நிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்ட பின்னரே அவளுக்குத் தையலோ செவிலித் துணைப்பணியோ கற்பித்தார்கள். மாணவர் துணை அங்கே பாடத்திட்டத்தின் முதற்பகுதியாகவே இருந்தது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இக்கருத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரிகளை நிறுவ நிதி வழங்கியது. திட்டம் பெருகியது. தொடக்க காலத்தவர் காட்டிய அந்த நெருக்கமும் கூடவே பெருகிற்று என்று சொல்ல நமக்கு மனம் துணியவில்லை.

தமிழ்நாட்டு அரசு மாணவருக்குச் செய்துவரும் உதவிகள் சிறியவை அல்ல. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்தம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. 2024 முதல் மாணவருக்கும் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அவ்வாறே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோகார்டு செய்த வேலையின் ஒரு பாதியை இவை செய்கின்றன. மறுபாதி, அட்டையின் பின்னே அமர்ந்திருந்த அந்த ஆலோசகர். பணம் கணக்கில் ஏறும் மாணவி வகுப்புக்கு வராமல் போனால், ஏன் வரவில்லை என்று மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்கும் பொறுப்பு யாருடையது? பாடவேளை, தேர்வுத்தாள் திருத்தம், அலுவலகப் பணி ஆகியவற்றுக்கிடையே அப்பொறுப்பையும் ஓர் ஆசிரியரின் தலையில் ஏற்றி, ஒரு குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கி வைப்பதால் அது நிறைவேறிவிடாது.

ஆகவே இரண்டு செயல்களை நாம் வேண்டுகிறோம். அரசுக் கல்லூரிகளும் சமுதாயக் கல்லூரிகளும் ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தோர் எண்ணிக்கையை வெளியிடுவதோடு, அதே தொகுதியில் உரிய காலத்துக்குள் படிப்பை முடித்தோர் எண்ணிக்கையையும் அருகிலேயே வெளியிட வேண்டும். துறைவாரியாகவும் பால்வாரியாகவும் வெளியிட வேண்டும். அடுத்து, மாணவர் ஆலோசகர் என்ற பணியிடத்தைப் பகுதிநேரக் கூலியாக வைக்காமல், காலமுறை ஊதியமும் உரிய பயிற்சியும் உடைய நிலையான பணியிடமாக உருவாக்க வேண்டும். முதற்கட்டமாக முதல் தலைமுறை மாணவர் மிகுந்த மாவட்டங்களில் சில கல்லூரிகளைத் தேர்ந்து, ஓர் ஆலோசகருக்கு நூறு மாணவருக்கு மேற்படாதபடி மூன்றாண்டு நடத்திப் பார்க்கட்டும். நியூயார்க்கில் செய்தது போலக் குலுக்கலிட்டு இரு பிரிவாக்கி, முடிவு எதுவாயினும் மக்கள் முன் வைக்கட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தொகை ஒதுக்க உயர்கல்வித் துறை முன்வர வேண்டும்.